650 வாட் இருந்தும் அணைந்த சிஸ்டம்: ஒரு எஸ்எம்பிஎஸ் தேர்வின் கதை

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கு வீட்டு மாடிதான் ஸ்டுடியோ. அவருடைய சிஸ்டம் அவரே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தது. 2017 வாக்கில் ஆரம்பித்தது. இடையில் மதர்போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் மாறி, இப்போது உள்ளே இருப்பது ரைசன் 7 5800எக்ஸ். கேபினெட்டும், சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் பழசு. கடைசியாக மாறியது கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கிப் போட்டார். 2022 செப்டம்பரில், எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டும் மைனிங் முடிவுக்கு வந்ததும் இந்த வகைக் கார்டுகள் சந்தையில் கொட்டிக் கிடந்தன. அந்த வழியில் வந்த கார்டுதான் இதுவும்.

கார்டு மாறியதிலிருந்து சிஸ்டம் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. போனில் அவர் சொன்னது இது:

"அண்ணே, மைனிங் கார்டை என் தலையில கட்டிட்டானுங்க போல. ஓடிக்கிட்டே இருக்கும், பட்டுனு அணைஞ்சிடுது."

"புளூ ஸ்கிரீன் வருதா தம்பி?"

"ஒண்ணும் வரல. மொத்தமா கருப்பு. அப்புறம் பவர் பட்டனை அமுக்கினாலும் உயிர் வராது. பின்னாடி எஸ்எம்பிஎஸ் சுவிட்சை ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டு ஆன் பண்ணினாத்தான் வருது."

பாதி விடை அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருந்தது. தரமான எஸ்எம்பிஎஸ் எதிலும் பாதுகாப்புச் சுற்று உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரண்ட் போனால் அது எல்லா வோல்ட்டேஜையும் நிறுத்திவிட்டு, அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முன்பக்கப் பட்டனால் பயனில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒருமுறை துண்டித்தால்தான் பூட்டு விடுபடும். ரேம் கோளாறோ டிரைவர் கோளாறோ இருந்தால் சிஸ்டம் உறையும், புளூ ஸ்கிரீன் காட்டும், இல்லையென்றால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பின்னால் இருக்கும் சுவிட்சைத் தேடிப் போக வைப்பது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான்.

அவருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. அதற்கு நியாயமான காரணமும் வைத்திருந்தார். டாவின்சி என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு மணி நேர கல்யாண வீடியோவுக்கு ரெண்டர் போட்டால் சிஸ்டம் அசையாமல் ஓடுகிறது. கூடவே தங்கி காலேஜ் படிக்கும் அக்கா மகன் இரவில் கேம் போட்டால்தான் அணைகிறது. "ரெண்டர்தானே ஹெவி லோடு? அதுல தாங்குற எஸ்எம்பிஎஸ் கேமுக்கு எப்படி ட்ரிப் ஆகும்? கார்டுதான் கோளாறு. இல்ல, மாப்ள போடுற அந்த கேம் கோளாறு." மாப்ளைக்கு அதில் உடன்பாடில்லை.

நேரில் போனேன்.

விலக்கியவை

முதலில் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவர். அணைந்த ஒவ்வொரு நேரத்துக்கும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. பக்செக் கோடு என்ற இடத்தில் வெறும் 0. விண்டோஸ் தானாக விழுந்திருந்தால் அங்கே ஏதாவது ஒரு எண் இருந்திருக்கும். 0 என்றால், என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. வெப்பநிலையைப் பார்த்தேன். கேம் ஓடும்போது பிராசஸரும் கார்டும் எழுபதுகளில்தான் நின்றன. ரேம் சோதனையிலும் பிழை எதுவும் வரவில்லை.

அடுத்து வாட் மீட்டர். சுவர் சாக்கெட்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் செருகும் சின்னக் கருவி அது. ரெண்டரில் 430-ஐ ஒட்டிக் காட்டியது. கேமில் 500 முதல் 530 வரை. 530 காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு லோடிங் ஸ்கிரீன் முடிந்து காட்சி திறந்தது, சிஸ்டம் செத்தது. மீட்டரில் 530-க்கு மேல் ஓர் எண்ணும் தெரியவில்லை.

"பாத்தீங்களாண்ணே, 650 வாட் எஸ்எம்பிஎஸ், 530தான் போகுது. இன்னும் 120 மிச்சம் இருக்கே" என்றார்.

மீட்டர் காட்டுவது சுவரிலிருந்து இழுப்பது. எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருப்பது அது உள்ளே கொடுக்கக்கூடியது. நடுவில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 530 இழுத்து, செயல்திறன் 86 சதவீதம் என்று வைத்தால், உள்ளே போவது 455 வாட் அளவுதான். அவர் நினைத்ததைவிட மிச்சம் இன்னும் அதிகம். கணக்கை இங்கேயே முடித்துக்கொள்கிறவர்கள் அடுத்த நாளே கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்விடுவார்கள்.

லேபிளைப் படித்தல்

எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தோம். பெட்டியின் மேல் பெரிதாக 650. பக்கவாட்டில் இருந்த சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 45-ஆல் பெருக்கினால் 540 வாட். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சேர்ந்து 130 வாட். 540, 130 என்ற இந்த இரண்டில் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும்படி வைத்து, மொத்தம் 650-ஐத் தாண்டாது என்பது கணக்கு.

ஒரு காலத்தில் இந்தப் பங்கீடு பொருத்தமாகத்தான் இருந்தது. பிராசஸரே 5 வோல்ட்டில் ஓடிய நாட்கள் உண்டு. பென்டியம் 4 காலத்தில் பிராசஸருக்கென்று தனி 12 வோல்ட் கனெக்டர் வந்ததிலிருந்து நிலைமை மாறியது. இன்றைய சிஸ்டத்தில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, விசிறிகள் என்று பெரிய வாய் எல்லாமே 12 வோல்ட்டில்தான். 5 வோல்ட்டைத் தொடுவது யூஎஸ்பி-யும் எஸ்எஸ்டி-யும்தான். ஆகவே அந்த 130 வாட் இருந்தும் இல்லாதது போல. இவர் கையில் இருந்தது 540 வாட் எஸ்எம்பிஎஸ்.

கடையில் எஸ்எம்பிஎஸ் வாங்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய எண் அந்த ஆம்பியர்தான். நல்ல தயாரிப்பு என்றால் 650 வாட் பெட்டியில் 54 ஆம்பியர் இருக்கும். அதாவது மொத்தத்தையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்க முடியும். 750 என்றால் 62.5, 850 என்றால் 70.8. இதற்கு ரொம்பக் குறைவாக இருந்தால் டிசைன் பழசு என்று அர்த்தம். கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே இருப்பதைப் பெருக்கினால் 200-ஐ எட்டுமா என்பதே சந்தேகம். சிலவற்றில் அந்தக் கட்டமே இருக்காது.

மல்டிமீட்டரை மோலெக்ஸ் கனெக்டரில் வைத்தும் பார்த்தேன். மஞ்சள் வயருக்கும் கருப்புக்கும் நடுவில், சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். கேமில் 11.6. அதே நேரத்தில் சிவப்பு வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 5.2. எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ் இரண்டிலும் 5 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது, ஆகவே பாஸ்தான். ஆனால் ஒன்று இறங்க இன்னொன்று ஏறுகிறது என்றால் இரண்டையும் ஒரே சுற்று சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். குரூப் ரெகுலேஷன் என்பார்கள். 12 வோல்ட்டில் பாரம் அதிகமாகி 5 வோல்ட்டில் ஆளே இல்லாதபோது இந்த டிசைன் தடுமாறும். இப்போது வருகிற ஓரளவு நல்ல எஸ்எம்பிஎஸ்களில் எல்லாவற்றையும் 12 வோல்ட்டாகத் தயாரித்து, அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் தனிப் பலகையில் இறக்கிக்கொள்கிறார்கள்.

மீட்டருக்குத் தெரியாத உச்சம்

540 இருந்தும் 455-க்கு ஏன் ட்ரிப் ஆனது? வாட் மீட்டர் விநாடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றும். நடுவில் ஏறி இறங்கியதையெல்லாம் சராசரியாக்கிவிடும். கிராபிக்ஸ் கார்டு அப்படி நிதானமாக இழுப்பதில்லை. காட்சி மாறும்போதும், லோடிங் ஸ்கிரீன் முடியும்போதும், மெனுவில் ஃபிரேம் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் எகிறும்போதும் அதன் கரண்ட் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்கும். 3080-க்கு என்விடியா சொல்லும் அளவு 320 வாட். அது சராசரி. 2020 செப்டம்பரில் இந்தத் தலைமுறை வெளிவந்த கையோடு ஆசிலோஸ்கோப் வைத்து அளந்தவர்கள், கண நேர உச்சம் 400-ஐ நன்றாகத் தாண்டிப் போவதைக் காட்டினார்கள். பெயர் பெற்ற எஸ்எம்பிஎஸ்கள் சிலவும் அந்த நாட்களில் கேம் நடுவில் அணைந்தன. வாட் போதாமல் இல்லை. பாதுகாப்புச் சுற்று ரொம்பக் கூர்மையாக இருந்ததே காரணம்.

அதனால் கூட்டலை இரண்டு விதமாகப் போட வேண்டும். முதல் கூட்டல் சராசரிக்கு: கார்டு 320, பிராசஸர் கேமில் 85, போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 455. மீட்டரோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது கூட்டல் உச்சத்துக்கு: கார்டை ஒன்றரை மடங்காக வைத்தால் 480. பிராசஸருக்கு 5800எக்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் 105 வாட்டை எடுக்கக் கூடாது. அது வெப்பக் கணக்குக்கான எண். ஏஎம்4 சாக்கெட்டில் அந்த பிராசஸர் போகக்கூடிய உச்சவரம்பு 142. மற்றவற்றுக்கு 50. ஆக 672. இந்த எண் வந்து போகும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் பாதுகாப்புச் சுற்றுக்குக் கண்ணிமைக்கத் தேவையில்லை. 540-க்கு வடிவமைத்து, பல வருஷம் சூட்டில் வெந்து, கெபாசிட்டர் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸிடம் 672 கேட்டால் அது பூட்டிக்கொள்வதுதான் முறை.

ரெண்டர் தப்பித்ததற்கும் இதுவே விளக்கம். அதில் பிராசஸர் 142-ஐத் தொடும், ஆனால் கார்டு 180 அளவில் ஒரே சீராக நிற்கும். ஏற்ற இறக்கம் குறைவு. வேலையின் கனத்தைவிட அது குதிக்கும் விதம்தான் இந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கொன்றது.

ஊகத்தை உறுதி செய்யப் புது எஸ்எம்பிஎஸ் தேவைப்படவில்லை. கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினேன்; 224 வாட். உச்சங்களும் அதே விகிதத்தில் இறங்கும். மாப்ளையிடம் ஒப்படைத்தோம். அன்று இரவு முழுக்க சிஸ்டம் அணையவில்லை. காலையில் 100-க்கு ஏற்றியதும் முதல் லோடிங் ஸ்கிரீனிலேயே போனது. கார்டு குற்றவாளி இல்லை என்பது இதோடு முடிந்தது. செகண்ட் ஹேண்ட் கார்டைச் சந்தேகப்படுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் விற்றவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்தது ஒரே கேபிள், அதன் முனையில் இரண்டு கனெக்டர். ஓர் 8 பின்னுக்கு விதிப்படி 150 வாட். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75. கார்டுக்கு வேண்டிய கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கனெக்டர் தொட்டால் சுட்டது. இந்த அளவுக் கார்டுக்கு இரண்டு தனித்தனிக் கேபிள் இழுப்பதே சரி. கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரிலிருந்து 8 பின் எடுக்கும் மாற்றி ஒன்று கடைகளில் தொங்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக 54 வாட். அதன் தலையில் 150-ஐ ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும், சில சமயம் தீயும் பிடிக்கும்.

எதை வாங்குவது

அவருக்கு இரண்டு வழி இருந்தது. பவர் லிமிட்டை இறக்கியே காலத்தை ஓட்டுவது ஒன்று. 3080-ஐ 250 வாட்டில் ஓட்டினால் வேகத்தில் இழப்பு பெரிதாக இருக்காது. புழுக்கமான மாடி அறைக்கு அது நல்லதும்கூட. ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயது அதனால் குறையாது. வருமானம் தரும் சிஸ்டம், உள்ளே அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. மாற்றிவிடுவோம் என்று முடிவானது.

எத்தனை வாட் என்பதில் கடைக்காரர் 1000 என்றார். அதுதானே பாதுகாப்பு என்று இவரும் தலையாட்டினார். நான் 750 போதும் என்றேன். பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது தவறு. சிஸ்டம் கேட்பதைத்தான் எஸ்எம்பிஎஸ் இழுக்கும். என் மறுப்புக்குக் காரணம் வேறு. கூடுதல் 250 வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைத் தரத்தில் போட்டால் பலன் அதிகம். அதே விலையில் சுமாரான 1000-மும் நல்ல 750-ம் கிடைக்கும்போது எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. என்விடியாவும் 3080-க்கு 750 என்றே பரிந்துரைக்கிறது. சுமாரான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்துச் சொன்ன எண் அது.

750-க்குள் எதை என்பதுதான் உண்மையான கேள்வி. இங்கே ஏடிஎக்ஸ் 3.0 உதவிக்கு வருகிறது. 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட விதி அது. 3080, 3090 கிளப்பிய இதே தொல்லைக்குப் பதில் அதில் இருக்கிறது: புது 12+4 பின் கனெக்டரோடு வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோவிநாடிக்குத் தாங்க வேண்டும், ட்ரிப் ஆகக் கூடாது. 750 வாட் என்றால் 1500. நம்முடைய 672 அதற்கு ஒன்றுமே இல்லை. அடுத்து வந்த 3.1 பதிப்பு முக்கியமாக அந்தக் கனெக்டரைத் திருத்தியது. 2022 அக்டோபரிலிருந்து 4090 கார்டுகளில் கனெக்டர் உருகிய செய்திகள் வந்தன. உலக அளவில் ஐம்பது புகார் போல வந்திருப்பதாகவும் முழுதாகச் செருகாததே காரணம் என்றும் என்விடியா அந்த நவம்பரில் சொன்னது. புதுக் கனெக்டரில் உணர்வு பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். சரியாக உட்காராவிட்டால் கார்டு பவரே எடுக்காது. இவருடைய கார்டு பழைய 8 பின் வகை என்பதால் 3.0, 3.1 இரண்டில் எது கிடைத்தாலும் சரி என்று விட்டோம்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றிக் கொஞ்சம். கோல்டு என்றால் 20, 50, 100 சதவீத லோடில் 87, 90, 87 சதவீதச் செயல்திறன். பிரான்ஸ், அதாவது வெண்கல முத்திரை என்றால் 82, 85, 82. இவை 115 வோல்ட் அளவுகள். நம்முடைய 230-இல் இன்னும் சற்றுக் கூடும். 450 வாட் லோடில் இரண்டுக்கும் வித்தியாசம் 30 வாட் போல. தினம் ஆறு மணி நேரம் முழு லோடில் ஓடினாலும் வருஷத்துக்கு 65 யூனிட் மிச்சம். பில்லுக்காக கோல்டு வாங்குகிறேன் என்பவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வர நாளாகும். தவிர, முத்திரை செயல்திறனை மட்டுமே சொல்கிறது. உச்சத்தைத் தாங்குமா, பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா, எத்தனை வருஷம் வரும் என்பதெல்லாம் அதில் இல்லை. சோதனையும் 23 டிகிரி சூட்டில் நடக்கிறது. மே மாதத்துக் கும்பகோணத்து மாடியில், கேபினெட்டுக்குள் 23 டிகிரியைத் தேடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் தன் வாட்டை எந்த வெப்பநிலைக்குச் சொல்கிறார் என்று பாருங்கள்; 50 டிகிரிக்குச் சொன்னால் நல்லது, 40 பரவாயில்லை, ஒன்றுமே சொல்லாவிட்டால் யோசியுங்கள். வாரன்ட்டி வருஷமும் ஒரு குறிப்புதான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்மேல் நம்பிக்கை இல்லாதவர் ஏழு வருஷம், பத்து வருஷம் தர மாட்டார்.

"ட்ரிப் ஆகாத எஸ்எம்பிஎஸ்ஸா பாத்து வாங்கிடலாம்ணே" என்று இவர் ஒரு யோசனை வைத்தார். அதற்குத்தான் கிகாபைட் கம்பெனியின் கதையைச் சொன்னேன். ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்று அவர்களுடைய இரண்டு எஸ்எம்பிஎஸ்கள், கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாட்டு நாட்களில் அமெரிக்காவில் கார்டோடு கட்டாயக் கூட்டாக விற்கப்பட்டன. வாங்கியவர்களிடமிருந்து பழுதுப் புகார் குவிந்தது. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சானல் சிலவற்றை வாங்கிச் சோதித்தபோது கண்ணெதிரே பொறி பறக்க வெடித்தன. 2021 ஆகஸ்டில் கிகாபைட் அறிக்கை விட்டது: அதிக லோடுப் பாதுகாப்பு செயல்படும் அளவை 120-150 சதவீதத்திலிருந்து 110-120-க்குக் குறைக்கிறோம், குறிப்பிட்ட வரிசை எண்களை மாற்றித் தருகிறோம் என்று. பாதுகாப்பு தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இவருடைய பழைய எஸ்எம்பிஎஸ் ஒவ்வொரு முறை அணைந்தபோதும் கார்டையும் டிஸ்க்கையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது திட்டுவாங்கியது அநியாயம்.

கடைசியில் எடுத்தது ஏடிஎக்ஸ் 3.0, கோல்டு, 750 வாட், 62.5 ஆம்பியர், கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை, ஏழு வருஷ வாரன்ட்டி. எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

மாட்டும்போது

நான் போவதற்குள் இவர் பாதி வேலையை ஆரம்பித்துவிட்டார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் பாதி மாடுலர்தான். அதன் சாட்டா கேபிள்கள் கேபினெட்டின் பின்னால் அழகாகக் கட்டி வைத்திருந்தன. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேபிளையே புதிதில் செருகிவிடலாம், பின்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நல்ல வேளை, செருகவில்லை. டிஸ்க் பக்கம், கார்டு பக்கம் இருக்கும் முனைகளுக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5, எதில் பூமி என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் அந்த நொடியே போகும். நான்கு டிஸ்க்கில் மூன்று சீசன் முகூர்த்தம் இருந்தது. எல்லாக் கேபிளையும் உருவி எடுத்துவிட்டு, பெட்டியில் வந்ததையே இழுத்தோம். கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள்.

பவர் லிமிட் 100 சதவீதம். அதே கேம், அதே லோடிங் ஸ்கிரீன். அணையவில்லை. மஞ்சள் வயரில் 12.05, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேபிள் கனெக்டரில் சூடு தெரியவில்லை.

சுவர்ப் பக்கம்

இதோடு முடிந்தது என்று நினைத்தவருக்கு அடுத்த வாரமே மின்சாரம் ஒருமுறை கண்ணடித்துப் போனது. சிஸ்டம் மறுபடி அணைந்தது. இந்த முறை பின்னால் இருக்கும் சுவிட்சைத் தொட வேண்டியிருக்கவில்லை. யூபிஎஸ்தான் கத்திக்கொண்டே செத்துப் போயிருந்தது.

யூபிஎஸ் 600 விஏ. பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஓரத்தில் 360 வாட் என்று இருக்கும். 1660 சூப்பர் காலத்தில் எடிட்டிங் லோடு 250-ஐத் தாண்டாததால் அது தாங்கியது. 530-ஐ 360-ஆல் தூக்க முடியாது. எஸ்எம்பிஎஸ் மாற்றும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: கார்டு மாறினால் எஸ்எம்பிஎஸ் மட்டுமல்ல, அதற்கு முன்னால் இருப்பதையும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். 1100 விஏ, 660 வாட் என்று ஒன்று மாற்றினோம். அதன் பேட்டரி சில நிமிடம்தான் வரும். சேவ் செய்து மூட அது போதும். மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்துவிட்டு நிறுத்துவது தொல்லை இல்லை, அன்றைக்கு இவர் வெளிவேலை வைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் ஒரு நொடி போய் வருவதுதான் பிரச்சினை.

இங்கே எஸ்எம்பிஎஸ்ஸின் இன்னொரு குணம் சோதனைக்கு வருகிறது. மின்சாரம் போனதிலிருந்து யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்வரை சில மில்லிவிநாடி எதுவும் வராது. அந்த இடைவெளியைத் தாண்டவைப்பது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடிலும் 12 மில்லிவிநாடிக்கு மேல் தாக்குப் பிடிக்கும்; செலவு மிச்சம் பிடிக்கும் தயாரிப்புகளில் முதலில் சுருங்குவது இந்தக் கெபாசிட்டர்தான். தவிர, வீட்டு யூபிஎஸ் பலவும் பேட்டரியில் தருவது வழுவழுப்பான சைன் அலை அல்ல, படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். இது லேபிளைப் பார்த்துத் தெரிவதில்லை. கேமை ஓடவிட்டு, முக்கியமான ஃபைல் எதுவும் திறந்திருக்காமல் பார்த்துக்கொண்டு, யூபிஎஸ் பிளக்கை உருவிப் பார்த்தோம். நின்றது. வீட்டு இன்வெர்ட்டரிலேயே சிஸ்டத்தை ஓட்டுபவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் போதுமான மற்ற மோடில் மாறும் நேரம் கூடுதல், சிஸ்டம் அணைந்துவிடும்.

யூபிஎஸ் மாற்றும்போது கேபினெட்டில் கை பட்டு இவர் சுள்ளென்று இழுத்துக்கொண்டார். "அது எப்பவும் அப்படித்தாண்ணே. லேசா ஜில்லுனு இருக்கும். கேமராவை யூஎஸ்பி-ல செருகும்போது பொறிகூட வரும்." டெஸ்டர் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மாடி அறைக்கு வயர் இழுத்தவர் மூன்று பின் சாக்கெட் வைத்திருந்தார், மூன்றாவது பின்னுக்கு எதையும் கொடுக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். அவை லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் அந்த இணைப்பு கேபினெட் உடம்பிலேயே நின்றுவிடும். சப்ளையில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், அங்கே மிதக்கும். கரண்ட் சொற்பம் என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் கேமராவின் யூஎஸ்பி போர்ட்டுக்கும் எச்டிஎம்ஐ-க்கும் அது நல்லதல்ல. உள்ளே காப்பு ஏதாவது பழுதானால் நிலைமை வேறு. அப்போது முழு 230-ம் உடம்புக்கு வரும், எர்த் இல்லாததால் எதுவும் ட்ரிப் ஆகாது. எட்டாயிரம் கொடுத்து வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸின் பாதிப் பாதுகாப்பு அந்த ஒரு பச்சை வயரை நம்பி இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து மீட்டர் போர்டிலிருந்து மாடிக்கு எர்த் இழுத்தாயிற்று. டெஸ்டர் இப்போது எரிவதில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ், தன் கேபிள்களோடு, 1660 சூப்பர் போட்ட ஆல்பம் டிசைன் சிஸ்டத்துக்குப் போனது. அங்கே 300-க்கு மேல் யாரும் கேட்பதில்லை, அதுவும் அணைவதில்லை.

மாப்ளை இப்போது அடுத்த கார்டு பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இந்த 750 போதுமா என்று கேட்டார். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ என்றால் 300 வாட், என்விடியா கேட்பதும் 750தான், எதையும் தொட வேண்டாம். 5090 என்றால் கார்டு மட்டும் 575 வாட், எஸ்எம்பிஎஸ் 1000, யூபிஎஸ்ஸும் மறுபடி மாற வேண்டும் என்றேன். மாமன்காரர் 5090 விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.